பழைய கடனையும் கஞ்சாவையும் ஒன்றுவிடாமல் எழுதிக் கொடுத்தேன்: அமெரிக்கப் பாதுகாப்பு கிளியரன்ஸ் அனுபவம்

2021 மார்ச். இரவு பதினொன்றரை மணி இருக்கும். வர்ஜீனியாவில் நான் வாடகைக்கு இருந்த அறையில், பாதுகாப்பு கிளியரன்ஸுக்கு, அதாவது அரசின் ரகசியத் தகவல்களைக் கையாளும் அனுமதிக்கு, நிரப்பிக் கொடுக்கும் எஸ்எஃப்-86 படிவத்தின் 23ஆவது பிரிவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடந்த ஏழு ஆண்டுகளில் சட்டவிரோதமாகப் போதைப்பொருள் பயன்படுத்தியதுண்டா? அடுத்தவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை வேண்டுமென்றே தவறாகப் பயன்படுத்தியதுண்டா? ஆம், இல்லை என்று இரண்டே வட்டங்கள்.

மேரிலாந்தில் கல்லூரி படித்தபோது கடைசித் தேர்வுக்காக அறைத்தோழனிடம், கவனக் குறைபாட்டுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் அடரால் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறேன், மூன்று முறை. கடைசி முறை 2014 மே. அன்றிலிருந்து ஏழு வருடம் முடிய இன்னும் இரண்டே மாதம்தான் பாக்கி. கஞ்சா அப்படிப் பழையதில்லை. கல்லூரியில் தொடங்கி வருடத்துக்கு ஐந்தாறு முறை, கடைசியாக 2019 டிசம்பர் 31 இரவு வாஷிங்டனில் ஒரு நண்பன் வீட்டில். இதெல்லாம் போக 26ஆவது பிரிவு வேறு காத்துக்கொண்டிருந்தது. அது பணம் பற்றியது. நான்கு கிரெடிட் கார்டுகளில் மொத்தம் 31,400 டாலர், கட்டாமல் விட்டுக் கலெக்‌ஷன் ஏஜென்சிகளுக்குப் போன கடன்.

என்னைப் போல இங்கே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் இப்போது ராணுவ ஒப்பந்த நிறுவனங்களிலும் அரசு வேலைகளிலும் சேர்கிறார்கள், அவர்களில் சிலர் என்னிடம் போனில் கேட்கும் கேள்விகள் எல்லாம் அன்று இரவு என் தலைக்குள் ஓடிய கேள்விகள்தான். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, ஒருமுறை இதற்குள் போய் வெளியே வந்தவன், அவ்வளவே.

முதலில் கடன் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். 2016 நவம்பரில் நியூ ஜெர்சியில் அப்பாவுக்கு வேலை போனது. வேலையோடு மருத்துவக் காப்பீடும் போனது. சொந்தக் காசில் அதைத் தொடர மாதாமாதம் கேட்ட தொகையைப் பார்த்துவிட்டு, "ரெண்டு மாசத்துல வேலை கிடைச்சிடும், அதுவரைக்கும் ஒண்ணும் ஆகாது" என்றார் அப்பா. 2017 ஜனவரியில் அவருக்கு பைபாஸ். என் சம்பளம் அப்படியே வீட்டுக் கடன் தவணைக்குப் போக, மளிகை, மருந்து, கரண்ட் பில், தங்கையின் காலேஜ் கட்டணத்தில் ஒரு பங்கு என்று எல்லாமே என் கார்டுகளில் ஏறின. ஒரு கட்டத்தில் குறைந்தபட்சத் தொகைகூடக் கட்ட முடியவில்லை. ஆறு மாதம் கட்டாவிட்டால் வங்கி அதை நஷ்டக் கணக்கில் எழுதிவிடும், அதற்குப் பெயர் சார்ஜ் ஆஃப். அந்த வார்த்தையை முதலில் பார்த்தபோது கடனே தள்ளுபடி ஆகிவிட்டது என்று நானும் அப்பாவும் நினைத்தோம். அது வங்கியின் கணக்குப் புத்தகத்துக்கான சங்கதி. கொடுக்க வேண்டியவன் கொடுக்க வேண்டியவன்தான். வங்கி அந்தக் கடனை வேறொருவருக்கு விற்கும், அவர் இன்னொருவருக்கு விற்பார்.

முழு உண்மையையும் சொல்ல வேண்டும். அந்த 31,400இல் மூன்றில் ஒரு பங்கு குடும்பத்துக்காக வந்ததே இல்லை. நண்பர்களோடு போன பயணங்கள், ஒரு புது லேப்டாப், வாரக் கடைசி சாப்பாட்டுச் செலவு. இதைப் பின்னால் நீதிபதி முன்னால் என் வாயால் சொல்ல வேண்டி வந்தது. சொன்னதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

சரி, படிவத்துக்கு வருகிறேன். அன்று இரவு அப்பாவுக்குப் போன் செய்தேன். "இதெல்லாம் எதுக்குப்பா எழுதிக் குடுத்துக்கிட்டு? ஏழு வருஷத்துல கிரெடிட் ரிப்போர்ட்ல இருந்தே போயிடும்னு சொல்றாங்க. மாத்திரை போட்டதை யாரு பார்த்தா? நம்ம வாயால நாமே சொல்லிக்கணுமா?" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வீட்டு விஷயம் வாசல் தாண்டக் கூடாது என்று வளர்ந்த மனுஷன், பிள்ளைக்கு நல்ல வேலை கிடைக்க வேண்டும் என்று நினைத்தவர். தமிழ்ச் சங்கத்தில் தெரிந்த ஒரு அங்கிளும் இதையேதான் சொன்னார், இன்னும் கொஞ்சம் தைரியமாக.

ஆனால் இந்த வாசலில் அந்தப் பழக்கம்தான் நம்மைக் கவிழ்க்கும். ஏன் கடனைக் கேட்கிறார்கள், ஏன் கஞ்சாவைக் கேட்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஜான் வாக்கர் என்ற கடற்படை அதிகாரி நஷ்டத்தில் ஓடிய தன் மதுக்கடையின் கடனில் மூழ்கியிருந்தபோதுதான் 1967 வாக்கில் சோவியத் தூதரகத்தின் வாசலுக்குப் போனார், 1985இல் பிடிபடும்வரை விற்றுக்கொண்டே இருந்தார். அதே 1985இல், சிஐஏவில் இருந்த ஆல்ட்ரிச் ஏம்ஸ் விவாகரத்துச் செலவும் கடனும் கழுத்தை நெரிக்கத் தகவல்களை விற்கத் தொடங்கினார். 1994இல் கைதாகும்வரை அவருக்குக் கிடைத்தது 20 லட்சம் டாலருக்கும் மேல். அவர் காட்டிக்கொடுத்த ஆட்களில் பலர் கொல்லப்பட்டார்கள். பணமுடை ஒரு கயிறு. மறைத்து வைத்த விஷயம் அதைவிடப் பெரிய கயிறு, ஏனென்றால் அதன் மறுமுனையை எவன் வேண்டுமானாலும் பிடித்து இழுக்கலாம். வீட்டுக்கும் மனைவிக்கும் முதலாளிக்கும் தெரிந்த கடனை வைத்து யாரும் என்னை மிரட்ட முடியாது.

இதற்கான அளவுகோல் 2017 ஜூன் 8 முதல் நடைமுறையில் இருக்கும் சீட்-4 என்ற உத்தரவு. ஏ முதல் எம் வரை 13 வழிகாட்டிகள் அதில் உண்டு. பணம் எஃப், போதைப்பொருள் எச், நேர்மையும் நடத்தையும் இ. எஃப்புக்கும் எச்சுக்கும் தணிப்புக் காரணங்கள் நிறைய இருக்கின்றன. வேலை போனது, எதிர்பாராத மருத்துவச் செலவு, விவாகரத்து மாதிரி நம் கையில் இல்லாத காரணத்தால் கடன் வந்திருக்கலாம், அதற்குப் பிறகு பொறுப்பாக நடந்திருக்கலாம், ஆலோசனை பெற்றிருக்கலாம், நல்லெண்ணத்தோடு அடைக்கத் தொடங்கி விடாமல் கட்டிவரலாம். போதைப்பொருள் என்றால் எவ்வளவு காலமாக நிறுத்தியிருக்கிறீர்கள், அந்தச் சகவாசத்தை விட்டீர்களா, இனிமேல் தொட மாட்டேன், தொட்டால் கிளியரன்ஸைப் பறித்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவீர்களா என்று பார்ப்பார்கள். ஆனால் படிவத்தில் வேண்டுமென்றே ஒன்றை மறைத்து, அது பின்னால் வெளியே வந்தால் விஷயம் இ-க்குத் தாவிவிடும். கஞ்சாவை மன்னிக்கக் கூடிய ஆட்கள்கூடப் பொய்யை மன்னிப்பது கஷ்டம். மத்திய அரசிடம் பொய்யான தகவல் கொடுப்பது ஐந்து வருடம்வரை சிறைக்குரிய குற்றமும்கூட. அதற்கு எதிராக, 23ஆவது பிரிவின் தலைப்பிலேயே ஒரு உறுதிமொழி இருக்கிறது: அங்கே நீங்கள் உண்மையாகச் சொல்லும் பதிலைக் குற்ற வழக்கில் உங்களுக்கு எதிரான சாட்சியமாகப் பயன்படுத்த மாட்டார்கள். பதற்றத்தில் பலர் அந்த வரியைப் படிப்பதே இல்லை.

நான் எல்லாவற்றையும் எழுதினேன். இரண்டு மாதம் தள்ளிப் போட்டிருந்தால் அடரால் கதை ஏழு வருடத்துக்கு வெளியே போயிருக்கும், ஆனால் வேலைக்கு எடுத்த நிறுவனம் கொடுத்திருந்த கெடு அதற்கு இடம் தரவில்லை. இன்னொன்று, நேர்காணலில் கல்லூரி அறைத்தோழனிடம் விசாரித்தால் அவன் சொல்லியிருப்பான். படிவத்தில் முதல்முறை எப்போது, கடைசி முறை எப்போது, தோராயமாக எத்தனை முறை, இனிமேல் செய்வீர்களா, எல்லாம் கேட்கிறார்கள். வாங்கியதைத் தனியாகக் கேட்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நண்பர்கள் நாலு பேருக்காக ஒருமுறை நான் காசு கொடுத்துக் கஞ்சா வாங்கியிருக்கிறேன். பயன்படுத்தினேன் என்பதற்கு ஆம் என்று போட்டுவிட்டு, வாங்கினேன் என்பதற்கு இல்லை என்று போட இருந்தேன். மறதிதான், ஆனால் எதிரே உட்காருபவருக்கு மறதியும் மறைப்பும் ஒரே மாதிரிதான் தெரியும்.

அப்புறம் இந்த மாநிலச் சட்டக் குழப்பம். வாஷிங்டன் நகரத்தில் 2015 முதல் சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சம் வைத்திருக்கலாம், வர்ஜீனியாவில் 2021 ஜூலை முதல் அப்படித்தான், மேரிலாந்தில் 2023 ஜூலை முதல் கடையிலேயே விற்கிறார்கள். கிளியரன்ஸுக்கு மாநிலச் சட்டம் கணக்கில் இல்லை, மத்தியச் சட்டம்தான். 2021 டிசம்பரில் அப்போதைய தேசிய உளவு இயக்குநர் ஏவ்ரில் ஹெய்ன்ஸ் ஒரு விளக்கக் குறிப்பு அனுப்பினார். முன்பு எப்போதோ கஞ்சா பிடித்தது மட்டுமே ஒருவரை நிராகரிக்கப் போதாது, முழு மனிதரையும் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். அதே குறிப்பு, கஞ்சாச் செடி வகையிலிருந்து எடுக்கும் சிபிடி எண்ணெய் வகைகளில் எச்சரிக்கையாக இருக்கவும் சொன்னது. அவற்றில் போதைச் சத்து அனுமதித்த அளவைவிட அதிகமாக இருந்து சோதனையில் மாட்ட வாய்ப்புண்டு. கஞ்சா நிறுவனப் பங்குகளைத் தெரிந்தே நேரடியாக வாங்கினால் அதுவும் கேள்விக்கு உள்ளாகும். ஆனால் இப்போதும் பயன்படுத்திக்கொண்டிருப்பவருக்கு எந்த நெகிழ்வும் கிடையாது. பயன்படுத்திக்கொண்டிருக்கும்வரை கிளியரன்ஸ் கொடுக்கக் கூடாது என்று நாடாளுமன்றச் சட்டமே இருக்கிறது. பார்ட்டியில் நீட்டும், கஞ்சா கலந்த கம்மி மிட்டாயும் இதில் சேர்த்திதான்.

2021 கோடையில் விசாரணை அதிகாரி வந்தார். ஒரு நூலகத்தின் சிறிய அறையில், அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, படிவத்தை வரி வரியாகப் படித்துக் கேட்டார். இரண்டே கால் மணி நேரம். குரலில் கோபமும் இல்லை, பரிவும் இல்லை. நான் செய்த நல்ல காரியம் ஒன்று, எல்லாக் கடனையும் ஒரு தாளில் எழுதி, யாரிடம் வாங்கியது, இப்போது யார் கையில், எவ்வளவு, என்ன செய்திருக்கிறேன் என்று ரசீதுகளோடு ஒரு கோப்பில் கொண்டு போயிருந்தேன். அவர் முடிவு எடுப்பவர் இல்லை, சேகரிப்பவர். ஆனால் அவர் சேகரித்துக் கொண்டு போவதுதான் முடிவெடுப்பவர் கண்ணில் படும்.

2022 மே மாதம் எஸ்ஓஆர் வந்தது. கிளியரன்ஸ் ஏன் கொடுக்கக் கூடாது என்பதற்கான காரணங்களின் பட்டியல் அது. எஃப்பின் கீழ் நான்கு கடன்கள், எச்சின் கீழ் கஞ்சாவும் மாத்திரையும். பதில் சொல்ல 20 நாள். அந்தக் கடிதத்தைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஏதோ துரோகிக்கு எழுதிய கடிதம் போல இருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் புரிந்தது, அதிலிருந்த ஒவ்வொரு வரியும் நானே எழுதிக் கொடுத்தது. அவர்கள் கண்டுபிடித்தது என்று ஒன்றுகூட இல்லை. பின்னால் எனக்குக் கை கொடுத்தது அதுதான்.

இங்கே தேதி முக்கியம். எஸ்ஓஆர் கைக்கு வந்த பிறகு அவசர அவசரமாகக் கடனை அடைத்தால் அதற்கு மதிப்புக் குறைவு. வேலைக்காகச் செய்தாரா, பொறுப்புணர்ந்து செய்தாரா என்ற கேள்வி வந்துவிடும். நான் படிவம் கொடுத்த அடுத்த மாதமே, 2021 ஏப்ரலில், லாப நோக்கில்லாத ஒரு கடன் ஆலோசனை அமைப்புக்குப் போயிருந்தேன். அதற்கும் முன்னாலேயே, 2019இலேயே போயிருக்க வேண்டும். கையில் கொஞ்சம் காசு புரளத் தொடங்கிய பிறகும் இரண்டு வருடம் அந்தக் கடிதங்களைப் பிரிக்காமல் ஒரு ஷூ டப்பாவில் போட்டு வைத்தேன், நீதிபதி மிக நீளமாகக் கேட்டது அந்த இரண்டு வருடத்தைப் பற்றித்தான்.

ஆலோசகர் சொன்னபடி 3,200 டாலர் கடனை முழுதாக அடைத்தேன். 9,300ஐ வைத்திருந்த ஏஜென்சி 5,000க்கு ஒத்துக்கொண்டது. பணம் கட்டுவதற்கு முன்னால் அந்த ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கிவிடுங்கள், போனில் சொல்வதை நம்பாதீர்கள். மீதி 4,300 டாலரைத் தள்ளுபடி செய்தார்கள் அல்லவா, அது அந்த வருடம் எனக்கு வந்த வருமானம் என்று 1099-சி படிவம் வந்தது. அதை வரிக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தால் கடன் பிரச்சினை வரிப் பிரச்சினையாக மாறியிருக்கும், வரி பாக்கியை இவர்கள் இன்னும் கடுமையாகப் பார்ப்பார்கள். 6,100 டாலர் கடன் இரண்டு கை மாறியிருந்தது, யாருக்குக் கட்டுவது என்றே தெரியவில்லை. இந்தக் கடன் இப்போது உங்கள் கையில்தான் இருக்கிறது என்று நிரூபியுங்கள் என்று பதிவுத் தபாலில் எழுதிக் கேட்டு, பதில் வந்த பிறகே பேசி முடித்தேன். கடைசி 12,800க்கு மாதம் 300 என்று 2022 ஜனவரி முதல் தவணை. சிறிய தொகைதான். ஆனால் ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

நடுவில் திருச்சியிலிருந்து சித்தப்பா போன் செய்தார். "எவ்வளவுடா வேணும், பத்து லட்சம் அனுப்பறேன், மொத்தமா அடைச்சுட்டு நிம்மதியா இரு, மெதுவா திருப்பிக் குடு" என்றார். மனசு நெகிழ்ந்துவிட்டது. வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. வெளிநாட்டில் இருக்கும் ஒருவருக்கு நான் கடன்பட்டால் எஃப்பை மூடப் போய் வெளிநாட்டுச் செல்வாக்கு என்ற பி-யைத் திறந்தது போல ஆகும். அதைச் சித்தப்பாவுக்குப் புரியவைக்க எனக்கு அரைமணி நேரம் ஆனது. ஊரில் நிலம், கூட்டு வங்கிக் கணக்கு, சீட்டுப் பணம் என்று நம் ஆட்களுக்கு இருக்கும் எல்லாமும் அந்தப் படிவத்தில் அதற்குரிய இடத்தில் வர வேண்டும் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

காலாவதியான கடன் பற்றி ஒரு வார்த்தை. வழக்குப் போடும் காலம் முடிந்துவிட்டது, கிரெடிட் ரிப்போர்ட்டிலிருந்தும் ஏழு வருடத்தில் விழுந்துவிட்டது, இனி என்ன என்று கேட்பவர்கள் நிறைய. சட்டப்படி உங்களிடம் வசூலிக்க முடியாமல் போகலாம். ஆனால் அது நீங்கள் அடைத்ததாக ஆகாது.

என் பதிலை எழுதுவதற்கு முன்னால் டோஹாவின் பழைய தீர்ப்புகளை இரவிரவாகப் படித்தேன். ஒப்பந்த நிறுவன ஊழியர்களின் மேல்விசாரணைகளை நடத்தும் பாதுகாப்புத் துறை அலுவலகம் அது, விண்ணப்பித்தவரின் பெயரை நீக்கிவிட்டுத் தீர்ப்புகளை இணையத்தில் வைத்திருக்கிறார்கள், இலவசம். நான் படித்ததில் வக்கீல் ஆலோசனையைவிட அதிகம் கற்றுக்கொண்டேன். பெரிய கடன் வைத்திருந்தவர்கள் ஜெயித்திருந்தார்கள், சில ஆயிரம் டாலர் வைத்திருந்தவர்கள் தோற்றிருந்தார்கள். தோற்றவர்கள் பலரும் "கட்டிவிட்டேன்" என்று வாயால் சொன்னார்கள், ரசீது இல்லை. சந்தேகம் என்று வந்தால் நாட்டின் பாதுகாப்புப் பக்கம்தான் சாய வேண்டும், கிளியரன்ஸ் யாருக்கும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1988இலேயே ஈகன் வழக்கில் சொல்லிவிட்டது. அதாவது நிரூபிக்க வேண்டிய சுமை நம் தலையில்.

2022 நவம்பரில் வீடியோ வழியாக விசாரணை நடந்தது. வக்கீல் வைக்க வசதியில்லை, நானே பேசினேன். கையெழுத்துப் போட்ட உறுதிமொழிக் கடிதம், நானாகவே காசு கொடுத்து எடுத்த இரண்டு போதைப்பொருள் சோதனை முடிவுகள், பதினொரு தவணை ரசீதுகள், மாத வரவு செலவுக் கணக்கு, அப்பாவின் வேலைநீக்கக் கடிதம், ஆஸ்பத்திரி பில்கள் எல்லாவற்றையும் எண் போட்டு அனுப்பியிருந்தேன். என் மேலாளர் ஒருவர் சாட்சி சொன்னார். அரசுத் தரப்பு வக்கீல் கஞ்சா பற்றிக் கேட்டதில் ஒரு கேள்வி இன்னும் ஞாபகம் இருக்கிறது: அந்த நண்பர்களை இன்னும் பார்க்கிறீர்களா? ஒருவனைப் பார்க்கிறேன், அவனும் நிறுத்திவிட்டான், மற்றவர்கள் வீட்டுக்குப் போவதில்லை என்றேன். யாரையும் பார்ப்பதில்லை என்று சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

இரண்டாவது சாட்சி அப்பா. நான் கேட்கவே தயங்கினேன், அவராகத்தான் வருகிறேன் என்றார். வெள்ளைச் சட்டை போட்டு, திருநீறு பூசி, நியூ ஜெர்சி வீட்டின் சாப்பாட்டு மேசையில் தங்கை வைத்துக் கொடுத்த லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார். வேலை போன தேதி, காப்பீட்டை ஏன் தொடரவில்லை, ஆபரேஷனுக்குப் பிறகு எத்தனை மாதம் சம்பளமில்லாமல் இருந்தார், எல்லாம் கேட்டார்கள். வழக்கமான இங்கிலீஷ் தயக்கமெல்லாம் இல்லாமல் நிதானமாகச் சொன்னார். கடைசியில் நீதிபதி வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டபோது, படிவத்தில் இதையெல்லாம் எழுதாதே என்று மகனிடம் சொன்னது நான்தான், அவன் கேட்கவில்லை என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதைச் சொல்லச் சொல்லி யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

2023 பிப்ரவரியில் தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. அதில் அப்பாவின் அந்த வாக்கியத்துக்கு ஒரு பத்தி இருந்தது.

கிளியரன்ஸ் வந்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. முன்பு போலச் சில வருடத்துக்கு ஒருமுறை மறுவிசாரணை என்று இப்போது இல்லை, கடன் பதிவும் குற்றப் பதிவும் தொடர்ந்து தானாகவே சரிபார்க்கப்படுகின்றன. ஒரு பில் தவறினால் அவர்கள் கண்ணில் படும் முன்னால் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரியிடம் நானே போய்ச் சொல்லிவிட வேண்டும். ஊருக்குப் போவதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். 12,800 கடனின் கடைசித் தவணையை 2025இல் கட்டினேன். ரசீதின் ஒரு நகலை அப்பாவும் கேட்டு வாங்கி, தன் ஆபரேஷன் காகிதங்கள் இருக்கும் பச்சைக் கோப்பில் வைத்துக்கொண்டார்.

போன வாரம் ஒரு தம்பி கூப்பிட்டான், வேலை கிடைத்திருக்கிறது, படிவம் இன்னும் பத்து நாளில் வரும் என்றான். மூன்று நிறுவனங்களின் கிரெடிட் ரிப்போர்ட்டையும் இன்று ராத்திரியே எடு, இலவசம்தான், அதில் இருப்பதை மட்டும் பார்க்காதே, அதிலிருந்து விழுந்துவிட்ட பழைய கடன்களையும் யோசித்து எழுது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணா, போன மாசம் ஒரு கம்மி சாப்பிட்டேன், அதுவுமா?" என்று கேட்டான். அதுவும்தான், தேதியோடு, என்றேன்.